இடக்கை முறுக்கு

வாதி கபீரில் காலை ஏழரைக்கே
மலைகள் நேற்றைய வெயிலைத் திருப்பித் தருகின்றன.
ஷெட் வாசலில் ஸுவைனாவின் கொரோலா,
கூரைமேல் பயிற்சிப் பலகை,
பம்பர் முழுக்க தேர்வுத் திடல் டிரம்களின் நீலப் பெயிண்ட்.

சத்தம் என்றாள் அரபியில், பிறகு இந்தியில்,
பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டினாள்.
டொக்.
வேகத்தடையில் ஒரு டொக்,
வலப்பக்கம் ஒடித்தால் ஒரு முனகல்.
ஓட்டப் படிக்கும் பெண்களிடம்
இந்த வண்டி அப்படித்தான் பேசும் என்று சொல்லிவைத்திருக்கிறாளாம்.

ஜாக்கி ஏற்றி
சக்கரத்தைப் பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினேன்.
ஆடும் பல்லை நாக்கு கண்டுகொள்வதுபோல்
உள்ளங்கை கண்டுகொண்டது.
மொஃபிஸுல் லிவர் கம்பி கொடுத்து நெம்ப
மூட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.
மூன்று மில்லிமீட்டர். கூடவும் இருக்கலாம்.

ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில்
மணலும் துருவும் அரைத்த கறுப்புச் சட்னி.
சக்கரம் திரும்பவும் வேண்டும், கழன்றுவிடவும் கூடாது.
இரண்டையும் ஒரு கோலிக்குண்டுதான் பார்த்துக்கொள்கிறது,
யாரும் அதைப் பார்ப்பதில்லை.

துணியால் துடைத்தபோதுதான் தெரிந்தது.
கிரீட நட்டின் பள்ளத்தில் காட்டர் பின் இல்லை.
கட்டுக்கம்பி.
இரண்டு சுற்று, இடப்பக்கமாக ஒரு முறுக்கு,
குத்தாதிருக்க முனை உள்ளே மடித்து.

இந்த ஷெட்டில் இடக்கையன் நான் ஒருவன்தான்.

போன நோன்பு மாதம், வியாழன் இரவு.
குரியாச்சன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்கிறார்.
பின் டப்பா காலி, ஸ்பேர் கடை மூடியாயிற்று.
இப்போதைக்குக் கம்பி போடு, அடுத்த வாரம் வரச் சொல்லு.
அவர் சொன்னாரா,
அவர் குரலில் நானே சொல்லிக்கொண்டேனா?
வரச் சொன்னேனா?

பதினோரு மாதம்.
ஆமிராத் மலையிறக்கத்தில்
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்து
முதல் தடவை இறங்கியவர்கள் எத்தனை பேர்,
பக்கத்தில் இவள், கைப்பிரேக்கில் ஒரு கை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள்
டிரம் தேர்வில் மூன்றாம் முறை தோற்ற ஒருத்தியை
போனில் திட்டிக்கொண்டிருந்தாள், பிறகு தேற்றினாள்.

நக்கிளின் காதில் சுத்தியல். இரண்டு. மூன்று.
நாலாவதில் டப்பென்று விட்டுக்கொடுத்தது.
புதியதன் குமிழ் கட்டைவிரலுக்கு வளையாத விறைப்பு.
மறுபக்கத்தையும் மாற்றினேன்.
கெட்டது ஒன்றுதானே என்றார் குரியாச்சன்.
என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
பேனாவைக் காதில் செருகி ஒருதரம் பார்த்தார்,
எழுதிக்கொண்டார்.

நட்டின் பள்ளமும் துளையும் நேர்படவில்லை.
ஒரு மயிரிழை தளர்த்தினால் வந்துவிடும்.
தளர்த்தக் கூடாது.
பல்லைக் கடித்து அடுத்த பள்ளம்வரை முறுக்கினேன்.
பின்னைச் செருகி, கால்களைப் பிரித்து மடித்தேன்.
மொஃபிஸுலைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.
அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

பழைய சாமான்களை அட்டைப்பெட்டியில் கொடுத்தேன்,
கம்பியையும் சேர்த்து.
இது என்ன?
பின் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.
யார் வைத்தது?

அரபியில் எனக்குத் தப்பில்லாமல் வரும் சொற்கள் கொஞ்சம்.
அனா, என்றேன்.

அவள் திட்டவில்லை.
கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.
கதவைத் திறந்து, ஏறு என்றாள்,
பயிற்சியாளர் இருக்கையைக் காட்டி.

மலையில் வண்டி மூக்கைக் கவிழ்த்தபோது
என் வலதுகால், இல்லாத பிரேக்கை மிதித்தது.
அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.
முதல் வேகத்தடை. இரண்டாவது.
இருவரும் ஏசியை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தோம்,
கழுத்தில் வேர்வை.
மூன்றாவது.
ஒன்றுமில்லை.

கீழே ரவுண்டானாவில் முழுவதுமாகச் சுற்றி
மறுபடி மேலே திருப்பினாள்.
இன்னொரு தடவை, என்றாள்.